ஏழாவது ஆள்

சந்திரமதி, கமலநாதனின் வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளங்காலுக்கு அடியில் கொடுத்து, குதிகாலைப் பிடித்து மேலே இழுத்து, மறுபடியும் அடியில். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். சுருக்கம் விழுந்தால் அரை மணி நேரத்தில் கொப்புளம் வந்துவிடும்.

“இறுக்குதா?”

“இல்லக்கா. நாப்பத்தோரு வயசுல காலு தானாவே இறுகிப்போச்சு.”

“அப்ப வீட்டுல உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதானே?”

“நான் வீட்டுல உக்காந்தா கோல் கம்பத்துல யாரு நிக்கறது? நீங்களா?”

“நின்னா உன்னைவிட நல்லாத்தான் புடிப்பேன்” என்று சொல்லி, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

கமலநாதன் சிரித்தான். ஆனால் அவன் கண் திடலுக்கு வெளியே சாலையில்தான் இருந்தது. மணி நாலரை. ஆட்டம் நாலே முக்காலுக்கு. விடிவெள்ளி காற்பந்துக் கழகத்தில் அன்று குளுவாங் திடலுக்கு வந்து சேர்ந்திருந்தவர்கள் ஏழு பேர். இன்னும் ஆறு பேர் இரண்டு கார்களில் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் சிங்கப்பூரில் காலை ஷிப்ட் முடித்து எல்லைப் பாலமான காஸ்வேயைக் கடந்தவர்கள். சனிக்கிழமை ஜாம் அவர்களை இரண்டு மணி நேரம் பிடித்து வைத்துவிட்டது.

ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆறு பேர் என்றால் முடியாது; ஆடாமலே எதிரணிக்கு வெற்றி, வாக் ஓவர். மாவட்ட லீக்கின் கடைசிப் பிரிவில் எட்டுக் கழகங்கள். அதில் ஒரே பருவத்தில் இரண்டு வாக் ஓவர் கொடுக்கும் கழகத்தை நீக்கிவிடுவார்கள். நீக்கிய பெயரைத் திரும்பப் பதியவும் முடியாது. விடிவெள்ளி மார்ச் மாதத்திலேயே ஒன்றைக் கொடுத்துவிட்டது. அன்றைக்கும் காஸ்வேதான்.

சந்திரமதிக்கு வயது அறுபத்து மூன்று. அரசாங்க மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் அட்டெண்டண்ட் வேலை. நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் போடுவது, மலத்தட்டு எடுப்பது, உயிர் போனவர்களின் கால் கட்டைவிரலில் பெயர் அட்டை கட்டுவது, எல்லாம் செய்தவர். அவர் கணவர் திருச்செல்வம், தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியதுதான் இந்தக் கழகம். முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், ஆட்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள். கழகம் மட்டும் கலையவில்லை. நான்கு வருடத்துக்கு முன் திருச்செல்வம் இறந்தார். அதே வருடம் லீக் ஒரு விதி கொண்டு வந்தது: முதலுதவிச் சான்றிதழ் உள்ள ஒருவர் ஒவ்வோர் அணியின் பெஞ்சிலும் உட்கார வேண்டும், ஆட்டக்காரர் பட்டியலில் அவர் கையெழுத்து இல்லாமல் நடுவர் விசில் ஊத மாட்டார். வேறு ஆள் கிடைக்காததால் சந்திரமதி வந்து உட்கார்ந்தார். ஜெர்சி துவைப்பதும் அவர் தலையில் விழுந்தது. மற்றவர்கள் துவைத்தால் காலரில் அழுக்கு போவதில்லை.

ஆட்டத்தை அவர் பார்ப்பதில்லை. ஆட்கள் விழுவதைத்தான் பார்ப்பார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றுவரை அவருக்குச் சரியாகத் தெரியாது.

அதனால்தான் ரூபேந்திரன் விழுந்ததையும் அவர் ஒருவர் மட்டும் முழுதாகப் பார்த்தார். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு ரூபேந்திரன் எகிறினான். டேப் கட்டி முடித்துக் கோல் கம்பத்துக்குப் போன கமலநாதனும் எகிறினான். முழங்கை, நெற்றிப் பொட்டில் இடித்தது. இருபத்து மூன்று வயதுப் பையன் உட்கார்ந்தான், எழுந்தான், இரண்டு அடி பக்கவாட்டில் நடந்தான், பிறகு நேரானான்.

“அலமாக்! சாரிடா தம்பி” என்றான் கமலநாதன்.

சந்திரமதி எழுந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். ரூபேந்திரனின் தோளில் கை போட்டு அழைத்து வந்தவர் மேனேஜர் சுகுமாறன். திடலின் பாதி தூரம் நடந்து வருவதற்குள் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்ததைச் சந்திரமதி கவனித்தார்.

“ஒண்ணும் இல்லக்கா, லேசா பட்டுச்சு” என்றார் சுகுமாறன்.

“நீ பேசாத. இவன் பேசட்டும்.”

தலையில் அடிபட்டவனிடம் சந்திரமதி ஐந்து கேள்வி கேட்பார். கழகத்தில் எல்லாருக்கும் அந்த ஐந்தும் தெரியும். குடித்துவிட்டு வந்தவனைப் பார்த்து, “மதிக்காவோட அஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லுடா” என்று கேலி செய்கிற அளவுக்குத் தெரியும்.

“இது எந்த ஊரு திடல்?”

“குளுவாங்.”

“இன்னிக்கு யாரோட ஆட்டம்?”

“கம்போங் தெங்கா.”

“எத்தன மணிக்கு?”

“நாலே முக்கால்.”

“போன வாரம் எங்க ஆடினோம்?”

“மெங்கிபோல் திடல்ல.”

“ஜெயிச்சோமா, தோத்தோமா?”

“தோத்துட்டோம். ரெண்டு ஒண்ணு.”

பதில்கள் தடங்கலில்லாமல் வந்தன. சுகுமாறன் மூச்சு விட்டார். சந்திரமதி ரூபேந்திரனை பெஞ்சில் உட்கார வைத்தார்.

போன வாரம் மெங்கிபோலில்தான் ஆட்டம் என்று லீக் கொடுத்த அட்டவணையில் இருந்தது. ஆனால் மழையில் அந்தத் திடல் முழங்கால் தண்ணீரில் நின்றது. கடைசி நேரத்தில் நியோர் திடலுக்கு மாற்றினார்கள். அங்கும் சேறுதான்; அதில் ரூபேந்திரனின் மோட்டார் சைக்கிள் புதைந்து, நான்கு பேர் தள்ளித்தான் வெளியே வந்தது. சந்திரமதியின் சேலை முழுதும் சேறு. சுகுமாறனுக்கு அது எதுவும் தெரியாது. அன்று அவருக்குச் சிங்கப்பூரில் ஓவர்டைம். போனில் கோல் கணக்கை மட்டும் கேட்டார். எங்கே ஆடினீர்கள் என்று கேட்கவில்லை.

“சுகு, நீ அட்டவணையப் பாத்து இவனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருக்க” என்றார் சந்திரமதி. “நாங்க ஆடினது நியோர்ல.”

சுகுமாறனின் முகம் கறுத்தது.

“ரூபன், நியோர் ஞாபகம் இருக்கா? உன் மோட்டார்?”

ரூபேந்திரன் புல்லைப் பார்த்தான். “மோட்டாருக்கு என்னம்மா?” என்றான்.

அவ்வளவுதான். சந்திரமதி பட்டியலை எடுத்தார்.

“அக்கா, இருங்க.” சுகுமாறன் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “பசங்க சிம்பாங் ரெங்கம் டோல் தாண்டிட்டாங்க. இருவது நிமிஷம், மிஞ்சிப்போனா இருவத்தஞ்சு. இவன் ஓட வேணாம். ஓரமா லைன்கிட்ட நிக்கட்டும். ஏழு தலை இருந்தா நடுவர் விசில் ஊதிடுவாரு. அவங்க வந்ததும் இவன வெளிய எடுத்துடலாம். சும்மா நின்னா போதும்லா.”

“பந்து இவன்கிட்ட வந்தா?”

“விட்டுடச் சொல்றேன்.”

“விடுவானா? நீ இருவத்து மூணு வயசுல விட்டியா?”

சுகுமாறன் சாலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, “இது மாமா ஆரம்பிச்ச கழகம்க்கா” என்றார்.

“எனக்குத் தெரியாதா?” என்றார் சந்திரமதி. “வார்டுல ஒரு பையன் இருந்தான். மோட்டார்ல விழுந்தவன். தானே நடந்து வந்தான். மைலோ குடிச்சான், பிஸ்கட் கேட்டான், வீட்டுக்குப் போறேன்னு நின்னான். போய் மறுபடி விழுந்தான். திரும்பி வந்தப்ப பேச்சில்ல. அவன் கால் விரல்ல அட்டை கட்டினது நான்தான். அவங்கம்மா என்கிட்டதான் கேட்டா, மொத தடவ ஏன் விட்டீங்கன்னு.”

பதினோராம் எண்ணில் இருந்த ரூபேந்திரனின் பெயரைப் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே கையெழுத்திட்டு, தானே நடந்துபோய் நடுவரிடம் கொடுத்தார். நடுவர் எண்ணிப் பார்த்தார். “ஆறுதானா, மக்சிக்?” என்று மரியாதையாக மலாயில் கேட்டார். ஆறுதான் என்றார் சந்திரமதி.

விதி கொடுக்கும் அவகாசம் பதினைந்து நிமிடம். எதிரணிக்காரர்களும் புல்லில் உட்கார்ந்துகொண்டு சாலையைப் பார்த்தார்கள். சரியாக ஐந்து மணிக்கு நடுவர் திடலின் நடுவில் போய் நின்று, நீளமாக ஒருமுறை விசில் ஊதிவிட்டுப் பட்டியலில் வாக் ஓவர் என்று எழுதினார்.

ஐந்து மணி ஒன்பது நிமிடத்துக்கு இரண்டு கார்களும் வந்தன. ஆறு பேரும் காருக்குள்ளேயே கால்சட்டை மாற்றி, பூட்ஸ் மாட்டி, இறங்கியதும் ஓடுகிற மாதிரி வந்தார்கள். பாதித் திடல் வரை ஓடிவந்து நின்றார்கள்.

கமலநாதன் காலை நீட்டினான். சந்திரமதி கத்தரிக்கோலை நுழைத்து டேப்பை வெட்டி எடுத்தார். அது புதிதாகவே இருந்தது.

“நான்தானேக்கா இடிச்சேன்” என்றான்.

“பந்துக்குத்தானே எகிறின? போய்க் குளி.”

சுகுமாறனின் வேனில்தான் ரூபேந்திரனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அவன் இரண்டு தடவை, “ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சா?” என்று கேட்டான். அவன் தாய் மலர், தான் வேலை செய்யும் செம்பனை ஆலையின் சீருடையோடு ஓடிவந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை அதிர்ந்திருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எட்டு மணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

“ஒண்ணுமே இல்லையாம்ல” என்றார் சுகுமாறன், கார் நிறுத்துமிடத்தில். அக்கா என்று சேர்க்கவில்லை.

“இல்லைன்னா நல்லதுதானே.”

“நின்னிருக்கலாம்.”

“நின்னிருக்கலாம்” என்றார் சந்திரமதி. “நிக்காமயும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, சுகு. உனக்கும் தெரியாது.”

மறுநாள் காலை ஆறரைக்கு ஜெர்சிகளை ஊற வைத்தார். ஆடாத ஆட்டம்தான், ஆனாலும் அக்குளில் வேர்வை இருந்தது. காலர்களைத் தேய்த்தார், அலசினார், ஒன்றிலிருந்து பதினெட்டு வரை வரிசையாகக் கொடியில் போட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மலர் வீட்டுக்குப் போனார்.

ரூபேந்திரன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தான். சந்திரமதி ஜன்னல் திரையை விலக்கி, அவன் இரண்டு கண்மணிகளையும் வெளிச்சத்தில் பார்த்தார். வாந்தி உண்டா, தலைவலி குறைந்ததா என்று கேட்டார். கடைசியில், “போன வாரம் எங்க ஆடினோம்?” என்றார்.

“நியோர்லம்மா. மோட்டார் சேத்துல மாட்டிக்கிச்சே. நீங்ககூடத் தள்ளினீங்க.” கொஞ்சம் யோசித்தான். “ரெண்டு ஒண்ணு. அந்த ஒண்ணு நான் போட்டது.”

விடிவெள்ளியின் கடைசி கோல் அதுதான். அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது என்பது முகத்தில் தெரிந்தது. ரொட்டி காப்பிக்குள் விழுந்தது.

“ஆமா, நீதான் போட்ட” என்றார் சந்திரமதி. “மூணு வாரம் ஓடக் கூடாது. மோட்டார் ஓட்டக் கூடாது. போனையும் ரொம்பப் பாக்காத. மலர், இவனுக்கு வேற காப்பி ஊத்திக் குடு.”

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. ஜெர்சிகள் காய்ந்துவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்து, எண் மேலே தெரியும்படி மடித்து, பதினெட்டையும் கழகத்தின் பைக்குள் அடுக்கினார். பையைச் சைக்கிள் கூடையில் வைத்து, சுகுமாறன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.