கல்லடிப் பாலத்தில் குனியாத கழுத்து

யுத்த காலத்தில் ஒரு தடவை, என் கழுத்தெலும்புகளை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களில் ஒன்று பாதி கிழிந்தது. அலுவலக ஜீப் வவுணதீவு வீதியில் ஒரு குழிக்குள் விழுந்ததன் பலன். சில கிழமைகளுக்குக் கழுத்துப் பட்டி போடச் சொன்ன டாக்டர், தலை முன்னால் விழுந்தால் கை மரத்துப்போகலாம் என்றும் எச்சரித்தார்.

பட்டி என் நாடியைக் குனியவிடாமல் உயர்த்திப் பிடித்தது. ஆனால் கல்லடிப் பாலத்துச் சென்றியில், அந்தச் சோதனைச் சாவடியில், எல்லோரும் தலை குனிந்துதான் இராணுவத்தைக் கடப்போம். எந்த அரசாங்கச் சுற்றுநிருபத்திலும் இல்லாத விதி அது. சுற்றுநிருபங்களெல்லாம் மனப்பாடமான எனக்கு அதுவும் தெரியும்.

"ஐயா பெரிய ஆளா? தலை கீழ போடு," என்றான் சிப்பாய்.

"ஏலாது. கழுத்து நோகுது."

"உள்ள என்ன இருக்கி? கழட்டு!"

கூட வந்த மனைவி, "கழட்டிக் காட்டுங்கவன்," என்றவள், அவனிடமே முறையிட்டாள்: "வீட்டிலயும் இப்பிடித்தான் தம்பி, சொன்னாக் கேக்கமாட்டார்."

டாக்டர், சிப்பாய் இருவரின் உத்தரவையும் நிறைவேற்ற ஒரே வழிதான் இருந்தது. இரண்டு கைகளாலும் காதோரம் தலையைத் தாங்கிக்கொண்டேன். மனைவி பட்டியைக் கழற்றினாள். நான் சரணடைந்துவிட்டதாக எண்ணிய சிப்பாயின் முகம் மலர்ந்தது. பட்டியின் பஞ்சை அமுக்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

பட்டியை மறுபடி கட்டும்போது மனைவி கேட்டாள்: "பயந்துதானே போனீங்க?"

இல்லையென்று தலையாட்டவும் எனக்கு அனுமதி இருக்கவில்லை.