ரோஸ்லின் அக்காவின் கயிறு

அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு சுவரொட்டியாகத்தான் வந்தது. கைபேசியில் அவர் படம். கீழே, "அனைவருக்குமான அரங்கின் முகம்". அவர் பேச்சில் ஒருநாளும் வராத சொற்கள். நம்பாமல், கீழவைப்பாரில் இருக்கும் அவர் தம்பிக்குப் போன் செய்தேன். "ஆமாளா, காலையில போயிட்டா" என்றார். பிறகுதான் அழுதேன்.

அவரோடு நடித்தவர்களுக்கு அவருடைய சந்தேகம் தெரியும். பிறவியிலேயே பார்வையில்லாத அவர், யார் பாராட்டினாலும் "எதுக்கு?" என்று கேட்பார். நாடக ஆய்வுக்காக முதன்முதலில் ஒத்திகைக்குப் போன நான், மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, பேனா சத்தம் கேக்கு. எழுதுனத வாசி."

"பார்வையின்றியும் மனம் தளராத நடிகை" என்று வாசித்தேன்.

"என் மனச நீ எப்பம் பாத்த? அத அடி. மூணாங் காட்சியில குரல எறக்குனேனே, அத எழுதுனியா?"

எழுதியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. அதனால் ஒரு தவறு செய்தேன்.

மேடை விளிம்புக்கு இரண்டடி உள்ளே, விரிப்புக்கு அடியில், படகுக் கயிறு ஒன்றைப் பதிக்கச் சொல்வார் அக்கா. காலில் கயிறு தட்டினால் அதற்கு மேல் போகக் கூடாது. தூத்துக்குடியில் ஒரு கருத்தரங்கில் அவர் நாடகம். "விருந்தினர் தடுக்கி விழுவாங்க, எடுத்துருங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். எதற்கான கயிறு என்று தெரிந்தும், வாய் திறக்காமல் உருவி எடுத்தேன்.

வழக்கம்போல் அக்கா வெறுங்காலோடு மேடையை நடந்து பார்த்தார். நின்றார்.

"கயிறு எங்கன?"

"நான்தான்க்கா எடுத்தேன்."

"எடுத்தது நீ. எடுக்கச் சொன்னது யாரு?"

ஒருங்கிணைப்பாளரை நோக்கி விரலை நீட்டினேன். என் குரல் வராததை வைத்தே அக்கா கண்டுபிடித்தார்.

"கை காட்டுதியாக்கும்? நல்ல ஆளுக்குத்தான் காட்டுத. வாயால சொல்லுளா."

சொன்னேன். அரங்கமே கேட்டது.

"எங்கள்ல ஒருத்தர் உங்க கையைப் பிடிச்சுக்கிறோம்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"நாடகத்துல நான் ராணி சார். ராணி கையப் பிடிக்க யாரு வாரா, நீங்களா?"

கயிற்றைத் திரும்பப் பதித்த பிறகே நாடகம் தொடங்கியது. கோபக் காட்சியில் அக்கா கயிறு வரைக்கும் ஓடிவந்து நின்றார். முன்வரிசை பதறிப் பின்னால் சாய்ந்தது.

இப்போது அவருக்கு அஞ்சலிக் கூட்டம். அழைப்பிதழில் ஆறு பேச்சாளர்கள். அவர் குழுவிலிருந்து ஒருவரும் இல்லை, நான் இருக்கிறேன். கூட்டம் நடத்துபவர்களுக்குப் போன் செய்து கேட்டேன். "அவங்க முன்வரிசையில இருப்பாங்க" என்றார்கள். என் இடத்தைச் சாந்திக்குக் கொடுங்கள், அக்காவோடு பல வருடம் நடித்தவர், அவருக்கும் பார்வை இல்லை, கயிறு வேண்டும் என்றேன். "செஞ்சிருவோம்" என்றார்கள்.

நான் நம்பவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த நம்பாமைதான். அன்று சீக்கிரமே போவேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையை நடந்து பார்ப்பேன்.