நான் பிரித்துப் பார்த்த உறை

மாலதியின் கதையை அழித்தவன் நான்தான். அவள் தானாக அதைக் கைவிட்டாள் என்று எங்கள் கூட்டம் நம்புகிறது. அது பொய். அந்தப் பொய்யின் சொந்தக்காரன் நான்!

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், லாரி ஓட்டினேன். இன்று பாடாங் செராயில் என் பெயர் எழுதிய லாரிகள் ஏழு நிற்கின்றன. ஐம்பது வயதுக்கு மேல் பேனா பிடித்து பத்து மர்ம நாவல்கள் போட்டேன். இந்தக் கெடா மாநிலத்தில் என்னைப்போல் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம்! யார் தயவும் இல்லாமல் வந்தவன் நான்...

யார் தயவும் இல்லாமலா? பாருங்கள், ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் வாய் அளக்கிறது. என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியவர், குருண் ஊரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தேவா. போலீஸ் விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்லித் தந்தவர், போலீஸில் சார்ஜண்டாக இருந்த ராமு. என் கதைப் பெண்கள் அழுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்று சொல்லி, அவர்களைப் பேசவைத்தவள் மாலதி. மர்மக்கதை எழுதும் நாங்கள் நால்வரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தோசைக் கடையில் கூடுவோம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை எழுதியவர் கடைசி அத்தியாயத்தை உறையில் போட்டு ஒட்டி, மூத்தவனான என்னிடம் தந்துவிடவேண்டும். மீதியை மற்றவர்கள் ஒரு மாதம் படிப்போம். அடுத்த கூட்டத்தில் கொலையாளி யார் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதி மேசையில் வைப்போம். பிறகுதான் உறை பிரியும். யாராவது சரியாக எழுதியிருந்தால், கதை எந்த இடத்தில் காட்டிக்கொடுத்தது என்று தேடி, எல்லாரும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைப்போம்.

அது போட்டி இல்லை. உதவி! நான் ஒருவன்தான் அதைப் போட்டியாக்கிக்கொண்டேன். மாலதியின் கதை வரும்வரை எந்தக் கொலையாளியையும் நான் தவறவிட்டதில்லை. “அண்ணனுக்குப் போலீஸ் நாய் மூக்குலா!” என்று ராமு கேலி செய்வார். நான் மீசையைத் தடவிக்கொள்வேன்.

மாலதி கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். ஓய்வு நாள்களையெல்லாம் கொட்டி, இரண்டு வருடம் எழுதிய முதல் நாவலைக் கொண்டு வந்தாள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், பால் எடை போடும் கொட்டகையில் செத்துக் கிடக்கிறார். சந்தேகப்பட ஆறு பேர்.

“நீங்க தேறும்னு சொன்னா பத்திரிகைக்கு அனுப்புவேன் அண்ணே. இல்லன்னா எழுதறதையே விட்டுடுவேன்” என்று உறையை என் கையில் கொடுத்தாள்.

மூன்று முறை படித்தேன். தெரியவில்லை! நான்காவது முறையும் தெரியவில்லை... நேற்று வந்த பெண்ணிடம் நான் தோற்பதா?

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் உறையைக் காட்டினேன். என் நான்காவது நாவலில் வில்லன் செய்யும் வேலை அது. பசை இளகியது.

கொன்றவள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா! ஆயாக்கொட்டகையில் தொட்டில் ஆட்டிய கை... எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை நான் போட்ட ஒன்பது புத்தகங்களிலும் அப்படி ஒரு பக்கம் கிடையாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லையோ?

உறையைத் திரும்ப ஒட்டினேன். மறுநாள் சீட்டுகளைப் பிரித்தார்கள். தேவா ஆசிரியர், தோட்ட மானேஜரின் பெயரை எழுதியிருந்தார். ராமு, கங்காணியின் பெயரை. நான் ஆயா என்று எழுதியிருந்தேன்.

“எப்படிண்ணே?” என்று கேட்டாள் மாலதி. முகம் வெளுத்துவிட்டது.

குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

“மூணாவது பக்கத்துலயே தெரிஞ்சிப் போச்சி தங்கச்சி. அன்னைக்குப் புள்ளைங்க சீக்கிரமா தூங்கிடுச்சின்னு எழுதுனியே... சின்னப் புள்ளகூடக் கண்டுபிடிச்சிடும்லா!”

விடையைத் தெரிந்துகொண்டு, பிறகு பின்னோக்கித் தேடிப் பொறுக்கிய வரி அது.

“எனக்குத் தெரியலையேம்மா” என்றார் ஆசிரியர். “அண்ணன் ஒருத்தர் கண்டுபிடிச்சா கதை கெட்டுடுமா? அந்த ஒரு வரிய மாத்திட்டா போச்சி. நானும் உன்கூட உக்காந்து பாக்குறேன்.”

“முப்பது வருசம் போலீஸ்ல இருந்த நானே கோட்ட விட்டேன், தங்கச்சி! அனுப்புலா!” என்றார் ராமு.

அவள் அவர்களை நம்பவில்லை. ஒன்பது புத்தகம் போட்ட என்னை நம்பினாள். எங்களிடமிருந்த பிரதிகளை வாங்கிப் போனாள். அடுத்த மாதம், கணினியில் இருந்ததையும் அழித்துவிட்டதாகச் சொன்னாள்.

கூட்டத்தை விட்டுப் போயிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். போகவில்லையே! இன்றும் மாதந்தோறும் வருகிறாள், எங்கள் கதைகளைப் படித்துத் திருத்துகிறாள். என் பத்தாவது நாவலின் முடிச்சு அவள் சொன்னது. வெளியீட்டு விழாவில் அவளே எனக்கு மாலை போட்டாள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன்... வெட்கமில்லாமல்!

போன மாதம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, முன்னதாகவே கடைக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து என் புதுக் கதையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, அந்த ஆயா கதை...”

“அதையா இன்னும் ஞாபகம் வச்சிருக்கீங்க?” என்று சிரித்தாள். “விடுங்கண்ணே. எனக்கு எதையும் மறைக்கத் தெரியல. மறைக்கத் தெரியாதவ மர்மக்கதை எழுதலாமா?”

உறையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். மற்ற இருவரும் இன்னும் வரவில்லை. குறுக்கே பேச ஆளில்லை. நேரம் இருந்தது, நன்றாகவே இருந்தது! நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

“பழகப் பழக வந்துடும்லா” என்றேன்.

அவள் நன்றியோடு தலையாட்டினாள்.