காத்தம்மாவின் கிடாரிகள்

காலையில் முதல் தேநீர் ஆறுவதற்குள் ரேலீன் கோப் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துவிடுவாள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற பாலைவன ஊருக்கு மேற்கே இருக்கிற மாட்டுப் பண்ணைகள் எல்லாம் ஒரே அலைவரிசையில்தான் பேசிக்கொள்ளும். ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கும். அதில் தினமும் வானிலை அறிக்கையைப் படிப்பது அவள் வழக்கம். படிக்கச் சொல்லி யாரும் அவளைக் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு.

அறிக்கையை மட்டும் படித்தால் பரவாயில்லை. காற்று எவ்வளவு, வெயில் எவ்வளவு, நெருப்பு அபாயம் எந்தப் படியில் இருக்கிறது என்று சொல்லி முடித்த கையோடு அவளுடைய சொந்தப் பிரசங்கம் தொடங்கிவிடும். புல் வெட்டும் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், கல்லில் பட்டால் பொறி பறக்கும். வண்டியைப் புல்லில் நிறுத்தாதீர்கள், புகைக்குழாய் சூடு. வெல்டிங் வேண்டாம், கட்டிங் மெஷின் வேண்டாம். இரண்டு வருஷம் தொடர்ந்து நல்ல மழை பெய்து, கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு வளர்ந்து, இப்போது காய்ந்து சருகாக நிற்கிறது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையே ஆனாலும் தினம் தினம் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது? பக்கத்துப் பண்ணைக்காரன் கெவ் அவளுக்குக் காத்தம்மா என்று பேர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது.

"காத்தம்மா, இன்னிக்கு என் பொண்டாட்டி ரொம்பக் கோபமா இருக்கா. அதுக்கு ஏதாவது எச்சரிக்கை போட்டிருக்காங்களா?" என்பான் கெவ்.

"உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே போட்டாச்சு கெவ். அவதான் கேக்கல" என்பாள் ரேலீன். பண்ணை பண்ணையாகச் சிரிப்பு கேட்கும்.

பத்தொன்பது வயதில் போர்ட் அகஸ்டாவிலிருந்து பிட்டர் கிரீக் பண்ணைக்குச் சமையல்காரியாக வந்தவள் அவள். அவளுக்குச் சமைக்க வராது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அவள் சுட்ட ரொட்டியை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதைக்குக்கூட ஒரு கடி கடிக்காமல் போய்விட்டது. வேலையைவிட்டு அனுப்ப மனசில்லாமல் முதலாளி மர்ரே அவளைத் தண்ணீர் பார்க்கும் வேலையில் போட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணறு ஒவ்வொன்றாகப் போய், பம்பு ஓடுகிறதா, குழாய் ஒழுகுகிறதா, தொட்டியில் செத்த காக்கை ஏதாவது மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சுற்று முடிய இரண்டு நாள் ஆகும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதம் தாக்குப்பிடிப்பாள் என்றுதான் மர்ரே நினைத்தார். இப்போது அவளுக்கு வயது ஐம்பத்து நாலு.

நடுவில் காலின் என்று ஒருவன் ஆறு வருஷம் கூட இருந்தான். கிணறு தோண்டும் வேலைக்கு வந்தவன். பிறகு மேற்கே தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போனான். போகும்போது ஃப்ரிட்ஜையும் ஏற்றிக்கொண்டு போனான். அந்தக் கோடையில் அவன் போனதைவிட அது போனதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது என்று ரேலீன் சொல்வாள். அது முழு உண்மை இல்லை. ஆனாலும் அதற்குமேல் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

இத்தனை வருஷமும் ஊரார் மாட்டுக்குத்தான் தண்ணீர் காட்டினாள். போன வருஷம்தான், டாலி என்ற ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றிச் சின்னதாக வேலி போட்டு, இருபது கிடாரிகளை அவளுடைய அடையாளச் சூடு போட்டு வைத்துக்கொள்ளும்படி மர்ரே கொடுத்தார். "நீ கேக்கவே மாட்டியா ரேலீன்? நானே குடுக்க வேண்டியதாப் போச்சு" என்று அலுத்துக்கொண்டார். அவள் இதை வெளியில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஏதாவது ஆகி எல்லாம் செத்துப்போனால் கெவ் போன்றவர்கள் வாயில் விழ வேண்டுமே என்ற பயம். இருபதும் இப்போது சினை. அடுத்த மாதம் கன்று போடும். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று பிறக்கப்போகிற முதல் கன்றுகள்.

அந்த நவம்பர் காலை அறிக்கையைப் படிக்கும்போது அவளுக்கே குரல் கொஞ்சம் இறங்கிற்று. வடமேற்குக் காற்று, மதியம் சூறையாக அடிக்கும். வெயில் நாற்பத்து நாலு. நெருப்பு அபாயம் இருப்பதிலேயே மேல்படி. முழு நெருப்புத் தடை.

"கேட்டீங்களா? முழுத் தடை. இன்னிக்கு எவனாவது பொறி பறக்க வேலை செஞ்சான்னு கேள்விப்பட்டேன், அவன் வீட்டுக்கே வந்து தோலை உரிச்சிடுவேன்."

"வா வா, வரும்போது நீ சுட்ட ரொட்டி எடுத்துட்டு வா. பொறி பறக்காம சுவத்துல ஆணி அடிக்கலாம்" என்றான் கெவ்.

அவள் வயர்லெஸ்ஸை வைத்துவிட்டாள். இரவெல்லாம் காற்று கூரைத் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. முதலில் டாலி கிணற்றைப் பார்த்துவிட வண்டிச் சாவியை எடுத்தாள். மர்ரேயும் அவர் மனைவியும் மகளுக்குப் பிரசவம் என்று அடிலெய்டு போயிருந்தார்கள். மற்ற ஆட்கள் விடுமுறையில். பண்ணையில் அவள் மட்டும்தான்.

டாலி கிணற்றுக்குப் போய் வண்டியைவிட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். சூரிய மின்தகடுகளைத் தாங்கியிருந்த இரும்புச் சட்டம் காற்றில் பெயர்ந்து, கிணற்றின் வாய்மேல் குப்புற விழுந்து கிடந்தது. பம்புக் குழாய் அதன் கீழே நசுங்கியிருந்தது. பெரிய தொட்டிக்குப் போகும் குழாயும் உடைந்து, இரவோடு இரவாகத் தண்ணீர் முழுவதும் மணலில் போயிருந்தது. மாடு குடிக்கும் தொட்டியில் அடியில் சேறு மட்டும் இருந்தது. அதை நக்கிக்கொண்டு இரண்டு கிடாரிகள் நின்றன. மற்றவை முல்கா மரங்களின் அற்ப நிழலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு இருந்தன. வேலியைத் திறந்து அடுத்த கிணற்றுக்கு ஓட்டிப் போகலாமென்றால், அந்த வெயிலில் சினைமாடு பாதி தூரம்கூட நடக்காது.

சட்டத்தை வெட்டி எடுத்தால் போதும். வண்டியில் மாற்றுக் குழாய் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. அரை மணியில் பம்பு ஓடும். வெட்ட வேண்டிய இடம் நாலு. கட்டிங் மெஷினுக்கு அது பத்து நிமிஷ வேலை.

பொறி பறக்காமல் கையால் அறுக்க ஆக்ஸா பிளேடு ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து அறுக்க உட்கார்ந்தாள். இரும்பு கட்டை விரல் தடிமன். வியர்வை கண்ணில் இறங்க இறங்க அறுத்தாள். ஒரு கால்கூட முழுதாக அறுபடுவதற்குள் பிளேடு படக்கென்று ஒடிந்தது. ரேலீன் அந்தக் கம்பெனிக்காரனின் வம்சத்தையே திட்டினாள்.

பிறகு எழுந்துபோய்க் கட்டிங் மெஷினை எடுத்தாள். ஜெனரேட்டரையும் இறக்கினாள். தொட்டியைச் சுற்றி மாடு மிதித்து மிதித்து மொட்டைத் தரைதானே, புல் தள்ளித்தானே இருக்கிறது, ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிடாரிகள் எல்லாம் அவளையே பார்த்தன. அவை பார்க்காமல் இருந்திருந்தாலாவது தேவலை.

ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கக் குனிந்தபோது சூறை ஒன்று வந்து அவள் தொப்பியைப் பிடுங்கியது. தொப்பி மொட்டைத் தரையில் ஒரு தரம்கூடப் படவில்லை. வேலியைத் தாண்டி, காய்ந்த புல்லுக்கு மேலாகவே போய், அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிட்டது. அவள் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறி தொப்பியைவிட லேசு. கட்டிங் மெஷினை வண்டிக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள். அழுகை வந்தது. அழுதாள். யார் இருக்கிறார்கள் பார்க்க?

உதவி கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"எல்லாருக்கும்... ரேலீன் பேசறேன். டாலி கிணத்துல இருக்கேன். பம்பு போச்சு, தொட்டி காலி. யார்கிட்டயாவது தண்ணி இருக்கா? ஆக்ஸா பிளேடும் வேணும்."

கெவ்வின் குரல்தான் முதலில் வந்தது. "எதுக்குப் பிளேடு? உன் வண்டியிலதான் கட்டிங் மெஷின் இருக்கே."

"காலையில என்ன படிச்சேன்?"

"அது ஊருக்கு. தொட்டியைச் சுத்தி மொட்டைத் தரைதானே? வெட்டிப் போட்டுட்டு வேலையப் பாரு."

"என் தொப்பியே இப்ப எங்க இருக்குன்னு தெரியல. தொட மாட்டேன்."

"சரி, தொடாதே. செத்தா மர்ரே மாடுதானே சாவுது. அவருக்கு இருபது மாடு போனாத் தெரியவே தெரியாது."

ரேலீன் பொத்தானை அழுத்தினாள். பிறகு சொன்னாள்.

"மர்ரே மாடு இல்ல. என் மாடு. என் சூடு போட்டது. இருபதும் சினை."

அவள் காது சூடேறிற்று. சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

அப்புறம் வேறொரு குரல் கரகரத்தது. "அக்கா, டெஸ் பேசறேன், ரோட்டு வேலை கேம்ப்லேருந்து. காத்துக்காக வேலையை நிறுத்திட்டாங்க. என் லாரி நிறையத் தண்ணி. ரோட்டுக்குத் தெளிக்க வெச்சிருந்தது. நல்ல போர்வெல் தண்ணிதான். எந்தக் கேட்டு வழியா வரணும்?"

"உன் பாஸைக் கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்பார். அதான் கேக்கல."

அவள் சிரித்துவிட்டாள். உடனே பழைய குரல் திரும்பிற்று. "தெக்குக் கேட்டு. வேலியோரம் மண்ணு வழிச்சு விட்ட பாதையிலயே வா. குறுக்கே புல்லுல ஏறினே, அங்கேயே உன்னை இறக்கிடுவேன். சைலன்சர் சூடா இருக்கும்."

"தெரியும் காத்தம்மா, தெரியும். தினம் காலையில காதுல ஓதறியே."

டெஸ் வந்து சேர மதியம் ஆயிற்று. குழாயைத் தொட்டியில் விட்டுத் திறந்ததும் பாதித் தண்ணீரைக் காற்றே குடித்தது. மீதி விழுந்தது. கிடாரிகள் லாரியைக் கண்டு ஒரு அடிகூட மிரளவில்லை. ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து மூக்குவரை முக்கின. ஒன்று மட்டும் மரத்தடியிலேயே படுத்துக் கிடந்தது. ரேலீன் வாளியில் மொண்டுபோய் அதன் முகத்தில் அடித்து, வாயைப் பிளந்து ஊற்றி, திட்டி, கெஞ்சி, கடைசியில் எழுப்பிவிட்டாள். அது தள்ளாடிக்கொண்டே தொட்டிக்குப் போனது. டெஸ் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். "இதையும் தொலைச்சிடாதே. என் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது."

வெயில் சாயும் நேரத்தில் கெவ்வின் வண்டி வேலியோரமாக, மண் பாதையிலேயே ஊர்ந்து வந்தது. ஒரு பெட்டி நிறைய ஆக்ஸா பிளேடும், அதை மாட்டும் பிடி இரண்டும் கொண்டுவந்திருந்தான். வந்ததும் வராததுமாகக் கிண்டல் செய்வான் என்று ரேலீன் எதிர்பார்த்தாள். அவனோ பிளேடை மாட்டி, சட்டத்தின் ஒரு காலை அறுக்க ஆரம்பித்தான். அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இன்னொன்றை அறுத்தாள். டெஸ் மூன்றாவதை. காற்று மெல்லத் தணிந்துகொண்டு வந்தது.

பாதி அறுத்துவிட்டு கெவ் நிறுத்தினான்.

"காலையில நீ படிச்சப்ப நான் சிரிச்சேன்ல?"

"தினமும்தான் சிரிக்கிறே."

"சிரிச்சிட்டு வெல்டிங் செட்டை வெளிய எடுத்து வெச்சேன். ரொம்ப நாளா வேலிக் கேட்டு ஒண்ணு உடைஞ்சு கிடக்கு, எவன் பார்க்கப்போறான்னு. கம்பியெல்லாம் மாட்டியாச்சு. முகமூடியக்கூடப் போட்டுட்டேன்." அவன் கண்ணை நிமிர்த்தவில்லை. "அப்பத்தான் நீ கூப்பிட்ட. சொந்த மாடு செத்தாலும் மெஷினைத் தொட மாட்டேன்னியே... கழட்டி உள்ள வெச்சுட்டேன்."

ரேலீனின் கை நின்றது. கெவ்வின் கேட்டு டாலி கிணற்றுக்கு நேர் வடமேற்கே, காற்று அடித்த திசையில் இருக்கிறது. நடுவில் ரோடும் இல்லை, ஓடையும் இல்லை, புல்தான். அவள் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள். அடிவானம்வரை கொழுக்கட்டைப் புல் மஞ்சளாக, ஒரு தாளும் கருகாமல் நின்றது. இந்தப் பக்கம் இருபது கிடாரிகளும் வயிறு புடைக்கக் குடித்துவிட்டு, சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அவளுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மூக்கை மணிக்கட்டால் துடைத்தாள்.

"கெவ்."

"என்ன?"

"வாயை மூடிக்கிட்டு அறு. இருட்டறதுக்குள்ள என் மாட்டுக்குத் தண்ணி வரணும்."

கெவ் குனிந்து அறுத்தான்.