சுரைப்பூவுக்கு வந்த விட்டில்

தக்கலையில் எங்கள் அடுத்த வீட்டில் தாலுகா கச்சேரி குமாஸ்தா ஒருவர் குடியிருந்தார். ஒல்லியானவர், குனிந்து நடப்பார். அந்தியில் விட்டில்பூச்சி பார்ப்பதற்கென்றே மதிலில் பிச்சிக்கொடி படரவிட்டிருந்தார். தலையில் சூட நாங்கள் சாயங்காலமே எட்டி மொட்டோடு பறித்துவிடுவோம். பூச்சி வராது.

ஒருநாள் கேட்டார்: “மக்களே, நீங்க பறிக்காத கொடி ஏதாவது உண்டுமா?”

“சுரைய நடும் அண்ணாச்சி. அந்தப் பூவைக் கொண்டையில வச்சா ஊரே சிரிக்குமே!” என்றாள் என் மதினி.

நாங்கள் சிரித்தோம். அவர் பிச்சியை வெட்டிவிட்டுச் சுரை நட்டார்.

கொடி மதிலேறியது. ஓர் அந்தியில் வெள்ளைப்பூக்கள் விரிந்தன. பெரிய விட்டில் ஒன்று பூப்பூவாகப் போய்த் தேன் குடித்தது. அவர் மூச்சை அடக்கி நின்றார். மதிலுக்கு இப்பால் நானும் நின்றேன்.

“பாத்தியா மக்கா?” என்றார்.

பார்த்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. உள்ளே போய்விட்டேன். அப்படி என்னதான் கண்டாரோ, இன்றும் சுரை பூத்தால் நின்றுவிடுகிறேன்.