வரப்புக்கு வந்த இங்கிலீஷ்

எங்கள் வயலுக்கும் மாமாவின் வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு. பூதப்பாண்டிப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போக எனக்கு அதுதான் வழி. மாமா என்றால் அத்தையைக் கட்டியவர். கல்யாணத்தின்போது அத்தைக்குப் பாதி வயலைக் கொடுத்து, நடுவில் போட்ட வரப்பு அது. போட்ட புதிதில் இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கலாமாம். நான் நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படிக்கிற காலத்தில், ஒரு காலை வைத்துவிட்டு மறு காலுக்கு இடம் தேட வேண்டியிருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு இரண்டு போகம்; ஒவ்வொன்றுக்கும் உழவு தொடங்கும்போது அவரவர் பக்கத்து வரப்பில் புல் செதுக்குவார்கள். புல்லோடு கொஞ்சம் மண்ணும் சேர்ந்து வந்துவிட்டால் அதற்குத் திருட்டு என்று பெயர் கிடையாது. மண்வெட்டி சற்றே சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். அப்பாவின் மண்வெட்டியும் மாமாவின் மண்வெட்டியும் சாய்வதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. அதனாலேயே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அம்மாவும் அத்தையும் மட்டும் குளத்தில் குளிக்கப் போகிற இடத்தில் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஐப்பசி மழையில் நான் விழுந்தேன். தாவணி, புத்தகம், சோற்றுப் பாத்திரம் எல்லாவற்றோடும் மாமாவின் வயலுக்குள் குப்புற விழுந்தேன். வீட்டுக்குத் திரும்பி வந்த என் கோலத்தைப் பார்த்து அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

“படிச்சதெல்லாம் போரும். இனி ஒருக்க விழுந்து வந்தேன்னா பள்ளிக்கூடம் கெடையாது, கேட்டியா?”

எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. வரப்பைத் தின்றது இவர்கள், அதற்குப் பட்டினி கிடக்க வேண்டியது நானா? முடிகிற வருஷம் அது. அத்தோடு நின்றால் அடுத்தது கல்யாணம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கப்போகிறார்கள், எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று டீக்கடைகளில் அடிதடிவரை பேச்சு நடந்த சமயம் அது. பவுண்டரி, பார்டர், லிமிட் என்று பேப்பரிலிருந்து வார்த்தைகள் இறங்கி ஊருக்குள் நடமாடின. அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த வார்த்தைகள்மீது கொள்ளை ஆசை. அம்மா இரண்டாவது முறை காப்பி போட்டால் லிமிட் தாண்டியாச்சு. கன்றுக்குட்டி பக்கத்து வீட்டு முற்றத்துக்குப் போனால் பார்டர் தகராறு. ஒருநாள் சாம்பார் ரசத்தோடு கலந்துவிட்டதற்கு, இலையில் பவுண்டரி இல்லை என்று கோபித்துக்கொண்டார்.

எங்கள் டீச்சரும் அந்த வாரம் இதே வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதி வரச் சொல்லியிருந்தார். லிமிட் என்றால் இதற்குமேல் கூடாது. பவுண்டரி என்றால் இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற கோடு. எக்ஸ்டென்ட் என்றால் ஒன்று எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பது. நான் உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

“அதென்னட்டி எக்ஸ்டென்டு? புதுசா இருக்கே.”

“நம்ம வயலு எதுவரைக்கும் கெடக்குன்னு சொல்லுகதுப்பா. லிமிட்டைவிடப் பெரிய வார்த்தை.”

பெரிய வார்த்தை என்றதும் அப்பா உட்கார்ந்துவிட்டார். என் வாயில் எது புகுந்ததோ, அதற்குமேல் நானே அளந்துவிட்டேன்.

“புது சர்க்காரு வந்து அளக்கும்போ, வரப்புக்கு ஆரு மண்ணு போட்டு வளத்தாங்களோ அவங்க எக்ஸ்டென்டுலதான் வரப்பு சேருமாம்.”

“அப்படியா சங்கதி?” என்று அப்பா எழுந்து மண்வெட்டியைத் தேடிப் போனார்.

மறுநாள் காலையில் மாமா வயலில் நின்றார். அப்பாவிடம் சொல்லிவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அதே எக்ஸ்டென்டை அவருக்கும் விளக்கினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இங்கிலீஷ்காரன் மூளையே மூளை என்றார்.

அதன்பிறகு நடந்ததை ஊர் வேடிக்கை பார்த்தது. காலையில் அப்பா மண் போடுவார். அவர் தலை மறைந்ததும் மாமா போடுவார். மண் வேறு எங்கிருந்தும் வரவில்லை, அவரவர் வயலிலிருந்துதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வயல்கள் இரண்டும் ஓரத்தில் மெலிந்தன, வரப்பு கொழுத்தது. தை பிறந்தபோது நான் குடையை விரித்துக்கொண்டு, பாடத்தைப் படித்துக்கொண்டே அதில் மகாராணிபோல நடந்தேன்.

அப்போதுதான் தக்கலையில் சர்வேயராக இருந்த சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கொடுத்துவிட்டு நான் கதவோரமே நின்றுகொண்டேன். இவர் வாயைத் திறந்தால் என் பள்ளிக்கூடம் போயிற்று. ஆனால் அப்பா வரப்புப் பேச்சையே எடுக்கவில்லை. அவரை வழியனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, வரப்பு ரெண்டு பேருக்கும் பொதுவாக்கும். ஆரு மண்ணு போட்டாலும் அது மாறாது. ஐப்பசியிலேயே தக்கலைக்குப் போயி இவருட்ட கேட்டாச்சு.”

“பொறவு எதுக்குப்பா இவ்வளவு நாளும் மண்ணு போட்டீங்க?”

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் தொழுவத்தைப் பார்த்துப் பேசினார். “நீ விழுந்து வந்த அன்னைக்கே போடணும்னு தோணிச்சு. சும்மா போட்டா ஒங்க மாமன் நான் தோத்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவான். எக்ஸ்டென்டுக்குன்னு போட்டா ஒரு கௌரவம் இருக்குல்லா?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவனுக்கிட்ட சொல்லிராத. அவன் பாட்டுக்குப் போடட்டும்.”

திட்டு வாங்கக் காத்திருந்தவள் நான். அப்பாமேல் அப்படி ஒரு பிரியம் அதற்குமுன் எனக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் போகும்போது மாமா குனிந்து மண் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து, எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“என்ன மக்களே, அந்த எக்ஸ்டென்டு சும்மா கதைன்னு ஒங்க அப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சா?”

நான் திடுக்கிட்டு, “இல்லை மாமா” என்றேன்.

“தெரியாண்டாம்” என்று சொல்லி இன்னொரு வெட்டு மண்ணை எடுத்து என் காலடிக்கு முன்னால் போட்டு மிதித்தார். “ஓரத்துல போகாத. நடுவுல நட.”