இரண்டு கிலோ நானூறு கிராம் வாஷர்

பிரவுசிங் சென்டர் வைத்தவன், எவனுடைய வெப்சைட்டில் கோளாறு இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். என்னை முதலில் அப்படி மாட்டிவிட்டவர், ஓசூரில் ஒரு வெளிநாட்டு பேக்டரியின் பர்ச்சேஸ் ஆபீசர் சந்தானம். கடை வைத்து நொந்தவர்களே, உங்களுக்கும் ஒரு சந்தானம் இருப்பார்.

மஞ்சள் பை

போச்சம்பள்ளியில் வாஷர் செய்யும் முனிராஜ், பேக்டரி வெப்சைட்டில் வரும் ஆர்டரை, ஓசூரில் என் கடையில்தான் பிரிண்ட் எடுப்பார். ஒருமுறை '2.400 கிலோ' என்று இருந்தது. சாம்பிள் என்று நினைத்து, இரண்டு கிலோ நானூறு கிராம் எடை போட்டு மஞ்சள் பையில் கொண்டுபோனார். அவர்கள் கேட்டதோ இரண்டாயிரத்து நானூறு கிலோ. அந்த பேக்டரிக்காரர்களின் நாட்டில், நாம் கமா போடும் இடத்தில் புள்ளி வைப்பார்களாம்.

வாஷர் இல்லாமல் பேக்டரியில் உற்பத்தி லைன் நின்றுவிட்டது. "பிரவுசிங் சென்டர்காரன் தப்பா பிரிண்ட் போட்டுட்டான், அவன்கிட்ட போகாதீங்க" என்று எல்லா சப்ளையர்களிடமும் சொல்லிவிட்டார் சந்தானம். ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். முனிராஜ் மட்டும் வந்தார்.

"அண்ணா, அந்தாளு என் ஆர்டரையும் நிறுத்திட்டா, வாஷரைக் கோத்து ஆளுக்கொரு மாலை போட்டுக்கலாம்."

மஞ்சுளா வைத்தியம்

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் கன்னடப் பெண் மஞ்சுளா, ரயில் டிக்கெட் போட வந்தபோது புலம்பினேன். எட்டாவதோடு நின்ற எனக்கும் புரியும்படி சொன்னாள். பேக்டரி சைட்டை நாம் தொட முடியாது. நம் மெஷினில் அது திறக்கும்போது, எண்களை நம்மூர் வழக்கப்படி மாற்றிக் காட்டும் ஒரு ஸ்கிரிப்டை பிரவுசரில் போடலாம். மூன்றாம் நம்பர் மெஷினில் போட்டாள். 2.400 போய் 2,400 வந்தது. காசு வாங்க மாட்டேன் என்றாள்.

"டிக்கெட்தான் வெயிட்டிங் லிஸ்ட் அங்கிள், இதாவது கன்பர்ம் ஆகட்டும்."

கோடீஸ்வரி

எது எடை, எது போன் நம்பர் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் கமா. மஞ்சுளா மறுபடி வந்து, எடை வரும் இடத்துக்கு மட்டும் என்று திருத்தினாள். அதற்குள், முனிராஜ் கூட்டிவந்த, பேரிகையில் ஸ்பிரிங் செய்யும் லட்சுமம்மா ஆர்டரில் தன் செல் நம்பரைப் பார்த்துவிட்டார்.

"என்னாண்ணா, தொள்ளாயிரம் கோடின்னு காட்டுது, பேங்க்ல காட்டினா லோன் குடுப்பானா?"

இங்கே எடை சரியாக வருகிறது என்று அவர் சொல்லித்தான் சப்ளையர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

சந்தானம் வந்தார்

பேக்டரியில் நெட் போன ஒரு நாள், சந்தானமே வந்து மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தார். கமாவைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. பாவம், அந்தப் புள்ளிக்காக அவரும் மேலிடத்தில் திட்டு வாங்கியவர்தான். யார் செய்தது என்று கேட்பார், அன்று சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்லலாம் என்று பக்கத்திலேயே நின்றேன். பிரிண்டை மடித்தபடி எழுந்தார்.

"நான் கத்தின கத்துல எங்காளுங்க சைட்டைச் சரி பண்ணிட்டாங்க, இனிமே நீங்க போட்டாகூட தப்பு வராது."

பிரிண்டுக்குச் சில்லறையைச் சரியாகக் கொடுத்துவிட்டுப் போனார், எனக்கு வரவேண்டிய அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் பாக்கி.